புலி நிஜமாகவே வந்திருந்தது

“திரும்ப ஒரு தடவ ஓட்டிப் பாரு, பாஸ் ஆயிடும்.”

மென்பொருள் அலுவலகங்களில் தினமும் புழங்குகிற வாக்கியம் இது. சொல்கிறவர் கெட்டவர் இல்லை. சாயங்காலம் ரிலீஸ் இருக்கிறது. திரையில் ஆயிரக்கணக்கான பச்சை வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு வரி. பட்டனை அழுத்துகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த வரியும் பச்சையாகிறது. என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. ‘அது அப்பப்போ அப்படித்தான் பண்ணும்’ என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பட்டனுக்கு எதிரானது. தோற்ற டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் முறை ஜெயித்துவிட்டது என்பதற்காக முதல் முறை தோற்றதைக் கணக்கிலிருந்தே அழிக்கிறோமே, சண்டை அதோடுதான். வேறு மென்பொருள்களில் இதைச் சோம்பேறித்தனம் என்று மன்னித்துவிடலாம். இயங்குதளத்தைச் சோதிக்கும் இடத்தில் இது சாட்சியைக் கலைக்கிற வேலை.

இதை நீங்கள் எந்தக் கருவியில் வாசித்துக்கொண்டிருந்தாலும் அதன் அடியில் ஓர் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் லினக்ஸ் கெர்னல். மெமரியை யாருக்கு எவ்வளவு தருவது, எந்த நிரலை எப்போது ஓடவிடுவது, நீங்கள் எடுத்த புகைப்படம் நிஜமாகவே சிப்பில் எழுதப்பட்டதா என்று பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு செயலி தப்பு செய்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னல் தப்பு செய்தால் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அத்தனையும் சரியும். அதனால்தான் கெர்னலுக்கென்றே பெரிய பெரிய சோதனைத் தொகுப்புகளை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியது போதாது. அவை சொல்வதைப் படிக்க வேண்டும். பிரச்சினை அந்த வாசிப்பில்தான் இருக்கிறது. ஒரு இலக்கிய இதழில் இதைப் பேசுவதற்கான நியாயமும் அதுதான்.

*

ஒரு டெஸ்ட் தோற்பது என்றால் என்ன?

லினக்ஸின் கோப்பு அமைப்புகளைச் சோதிக்க எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. எஸ்ஜிஐ நிறுவனம் தன்னுடைய எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்புக்காக எழுதத் தொடங்கியது. இன்று இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் எல்லாமே அதில்தான் பரீட்சை எழுதுகின்றன. அமைப்பு ரொம்ப எளிது. ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அது ஓடி முடிக்கும்போது என்ன அச்சிட வேண்டும் என்று பக்கத்திலேயே ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். ஸ்கிரிப்ட் ஓடியதும், வந்ததையும் வரவேண்டியதையும் வரிக்கு வரி ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் டெஸ்ட் தோற்றதாகக் கணக்கு. வந்ததை அப்படியே ‘அவுட் பேட்’ என்று முடியும் பெயரில் தனிக் கோப்பாக எடுத்து வைத்துவிடும்.

சுவடிப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய வேலை. இரண்டு ஏடுகள் ஓரிடத்தில் வேறுபடுகின்றன. எது பிழை என்று அந்த வேறுபாடு சொல்லாது. இங்கே ஒரு பாடபேதம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். உ.வே.சாமிநாதையர் தான் ஏற்காத பாடத்தைக் கிழித்துப் போடவில்லை, அடிக்குறிப்பில் வைத்தார். அடுத்து வருகிறவன் பார்க்கட்டும் என்ற மரியாதை அது. தோற்ற டெஸ்ட்டை அழிக்கிறவர்கள் அந்த அடிக்குறிப்பைத்தான் கிழிக்கிறார்கள்.

தோல்விக்குப் பின்னால் நான்கு பேரில் யாராவது இருக்கலாம். கெர்னல் தப்பு செய்திருக்கலாம். டெஸ்ட்டை எழுதியவர் தப்பு செய்திருக்கலாம். ஓடிய சூழல் கோளாறாக இருக்கலாம், அதாவது வட்டு நிரம்பியிருக்கும், மெய்நிகர் இயந்திரம் மெதுவாக இருந்திருக்கும். நான்காவதாக, ‘இப்படித்தான் வரவேண்டும்’ என்று எழுதி வைத்த எதிர்பார்ப்பே காலாவதியாகி இருக்கலாம். மவுன்ட் கட்டளையின் புதிய பதிப்பில் பிழைச் செய்தியின் சொற்கள் மாறிவிட்டால், கெர்னல் ஒரு குற்றமும் செய்யாமலே டெஸ்ட் தோற்கும். இப்படிப்பட்ட சொல் மாற்றங்களைச் சலித்தெடுப்பதற்கென்றே எஃப்எஸ்டெஸ்ட்ஸில் வடிகட்டிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து தோல்வியைப் படித்ததால்தான் அந்த வடிகட்டிகள் வந்தன.

லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட், சுருக்கமாக எல்டிபி, இன்னொரு பெரிய தொகுப்பு. அதில் ஒரு டெஸ்ட்டின் முடிவைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. டிபாஸ் என்றால் ஜெயித்தது. டிஃபெயில் என்றால் சோதித்த விஷயம் தோற்றது. டிபுரோக் என்றால் சோதிப்பதற்கான ஏற்பாடே உடைந்தது, அதனால் தீர்ப்பு இல்லை. டிகான்ஃப் என்றால் இந்த இயந்திரத்துக்கு இந்த டெஸ்ட் பொருந்தாது. ‘தோற்றது’ என்பதும் ‘சோதிக்கவே முடியவில்லை’ என்பதும் வேறு வேறு என்று தெரிந்த யாரோ அந்தச் சொற்களைப் பொறுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய டேஷ்போர்டுகள் அத்தனையையும் சேர்த்துச் சிவப்பு, பச்சை என்று இரண்டே நிறமாகச் சுருக்கிவிடுகின்றன.

சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால் கெர்னலின் சொந்தச் சோதனைத் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்ட்டைப் பாருங்கள். அதில் பல டெஸ்ட்டுகள் தமக்குத் தேவையான வசதி இயந்திரத்தில் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் ‘பூஜ்யம்’ என்ற எண்ணைத் திருப்பிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. யூனிக்ஸ் மரபில் பூஜ்யம் என்றால் வெற்றி. அதாவது ஓடாத டெஸ்ட் ஜெயித்த டெஸ்ட்டாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. 2018இல் டெஸ்ட் டெஸ்ட்டாகப் போய், ‘தவிர்க்கப்பட்டது’ என்பதற்குத் தனி எண் தரும்படி திருத்தினார்கள். பரீட்சைக்கே வராதவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடம், ஒருநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்த கதை இது. பச்சை நிறம் பொய் சொல்லும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

*

சரி, இப்போது எதிரியின் பெயரைச் சொல்லிவிடலாம். ‘ஃப்ளேக்கி.’

ஒரே நிரல், ஒரே டெஸ்ட். ஒருமுறை ஜெயிக்கிறது, ஒருமுறை தோற்கிறது. அதற்கு இந்தத் துறை வைத்திருக்கும் பெயர் ஃப்ளேக்கி டெஸ்ட். இந்தச் சொல்லின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கோளாறை அது டெஸ்ட்டின் குணமாக்கிவிடுகிறது. ‘அவன் ஒரு மாதிரி’ என்று ஊரில் ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால், பிறகு அவன் என்ன சொன்னாலும் காதில் ஏறாது இல்லையா? அதே வேலையை இந்தச் சொல் செய்கிறது. நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று, இனி வைத்தியம் எதற்கு?

புலி வருது கதை நமக்கெல்லாம் தெரியும். ஆடு மேய்க்கும் பையன் ‘புலி வருது, புலி வருது’ என்று கத்துகிறான். ஊர் ஓடிவருகிறது, புலி இல்லை. மறுபடி கத்துகிறான், மறுபடி இல்லை. மூன்றாம் முறை நிஜமாகவே புலி வருகிறது, ஊர் வரவில்லை. பொய் சொன்னால் இதுதான் கதி என்று பையனுக்குப் பாடம் நடத்தி முடிக்கிறோம்.

இயங்குதள டெஸ்ட்டின் கதை வேறு. இங்கே பெரும்பாலும் பையன் பொய் சொல்லவில்லை. முதல் தடவையும் புலி வந்திருந்தது. ஊர்க்காரர்கள் தடியோடு தடதடவென்று ஓடிவந்த சத்தத்தில் அது புதருக்குள் போய்விட்டது. புல்லில் கால்தடம் இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. பையனைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கூகுள் 2016இல் தன்னுடைய உள்கணக்கை வெளியிட்டது. ஓடும் டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் ஃப்ளேக்கியாக முடிகின்றன. டெஸ்ட்டுகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குணம் இருக்கிறது. ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு டெஸ்ட் தோற்பதாக மாறும் தருணங்களில் 84 சதவீதத்தில் சம்பந்தப்பட்டது ஃப்ளேக்கி டெஸ்ட். ‘பாத்தீங்களா, நூத்துக்கு எண்பத்திநாலு சும்மாதான். இதுக்கெல்லாம் ஒரு ஆள உட்கார வச்சு லாக் படிக்கச் சொன்னா கம்பெனி எப்படி நடத்துறது?’ என்று கேட்பார்கள்.

அந்த ‘சும்மா’ என்ற சொல்லைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். அந்த எண், தோல்வி மாறி மாறி வருகிறது என்று சொல்கிறது. காரணம் இல்லை என்று சொல்லவில்லை. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் 51 அப்பாச்சி திட்டங்களிலிருந்து, ஃப்ளேக்கி டெஸ்ட்டுகளைச் சரிசெய்த 201 திருத்தங்களை எடுத்துப் படித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திருத்தங்கள் சோதிக்கப்பட்ட நிரலையே மாற்றியிருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிஜமான பக்குகள். நான்கு தடவை கத்தினால் ஒரு தடவை புலி. எந்த ஊரில் இதைப் பொய் என்பார்கள்?

கணக்கும் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடக் கணக்குதான். கெர்னலில் ஒரு பக் இருக்கிறது. அது பத்து ஓட்டத்தில் ஒருமுறை டெஸ்ட்டைத் தோற்கடிக்கும். ‘மூன்று வாய்ப்பு தருவோம், ஒன்றில் ஜெயித்தாலும் பச்சை’ என்று நீங்கள் விதி வைத்திருக்கிறீர்கள். மூன்றிலும் அது தோற்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆக, பத்தில் ஒருமுறை கடிக்கிற பக்கை உங்கள் விதி 99.9 சதவீதம் உள்ளே விடுகிறது. இரண்டில் ஒருமுறை தோற்கடிக்கிற, அதாவது காசு சுண்டிப் போட்டது போன்ற பக்கைக்கூட 87.5 சதவீதம் உள்ளே விடும். இதற்குப் பெயர் தரக்கட்டுப்பாடாம். வாசலில் காவலாளியை நிறுத்தி, ‘திருடன் மாதிரி தெரிஞ்சா மூணு தடவ கண்ண மூடித் தொற’ என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

*

‘எல்லா மென்பொருளிலும் இப்படித்தானே, இயங்குதளத்துக்கு மட்டும் என்ன தனி நியாயம்?’ என்று நீங்கள் கேட்கலாம்.

தனி நியாயம் உண்டு. ஒரு சாதாரணச் செயலியில் நேரக் குழப்பம் என்பது வழியில் வந்த தொல்லை. இயங்குதளத்தில் நேரம்தான் சரக்கே. பல மூளைகள் ஒரே சமயத்தில் ஒரே மெமரியைத் தொடும்போது யார் முந்தினாலும் முடிவு சரியாக இருக்க வேண்டும் என்பதே கெர்னலின் வேலை. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறினால் அதற்கு ரேஸ் என்று பெயர். ரேஸ் உள்ள கெர்னல் சில நேரம் மட்டும்தான் தோற்கும். ஆக, ‘சில நேரம் மட்டும் தோற்கிறது, அதனால் டெஸ்ட்தான் சரியில்லை’ என்று சொல்கிறவர், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, அதனால் தெர்மாமீட்டர்தான் கெட்டுவிட்டது என்கிறார். விட்டு விட்டு வருவதுதான் மலேரியாவின் அடையாளம்.

எஃப்எஸ்டெஸ்ட்ஸில் ஜெனரிக் 475 என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. கோப்பு அமைப்பின் மேல் கண்டபடி கோப்புகளை உருவாக்கி, அழித்து, பெயர் மாற்றிச் சுமையை ஏற்றும். நடுவில் திடீரென்று அடியிலிருக்கும் வட்டு செத்துவிட்டது போல நடிக்கும். பிறகு வட்டுக்கு உயிர் கொடுத்து, கோப்பு அமைப்பு தன் பதிவேட்டைப் படித்து எழுந்து நிற்கிறதா என்று பார்க்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்யும். ஒரு ஓட்டம் போல இன்னொரு ஓட்டம் இருக்கவே இருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வட்டு சாகும் கணத்தில் நடந்துகொண்டிருந்த வேலை வேறு. இந்த டெஸ்ட் எப்போதாவது தோற்றால், வேறெந்த ஓட்டத்திலும் கிடைக்காத ஒரு கணத்தை அது பிடித்துத் தந்திருக்கிறது என்று பொருள். அதைப் போய்த் திரும்ப ஓட்டிப் பச்சையாக்குவதா?

அபூர்வம் என்றால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கைக்கு 2016 அக்டோபரில் ஒரு பதில் கிடைத்தது. டர்ட்டி கவ் என்று பெயர் பெற்ற ஓட்டை. எழுத அனுமதியில்லாத கோப்பின் மேல் ஒரு சாதாரணப் பயனர், ஒரு ரேஸைப் பயன்படுத்தி எழுதிவிட முடிந்தது. அங்கிருந்து இயந்திரம் முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. அதைச் சரிசெய்த கமிட்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பு படிக்க வேண்டியது. பதினோரு வருடங்களுக்கு முன் தானே இதைச் சரிசெய்ய முயன்றதாகவும், ஐபிஎம்மின் எஸ்390 இயந்திரங்களில் வந்த சிக்கலால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகவும், அன்று ஏட்டளவில் மட்டும் இருந்த ரேஸ் இன்று எளிதில் தூண்டக்கூடியதாகிவிட்டதாகவும் அதில் ஒப்புக்கொள்கிறார். கெர்னல் வளர்ந்தது, இயந்திரங்கள் வேகமாயின, புதர் மெலிந்தது. புலி மட்டும் அதே இடத்தில் காத்திருந்தது.

*

இன்னொரு கதை பூமியிலிருந்து பல கோடி கிலோமீட்டர் தொலைவில் நடந்தது.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே மறுதொடக்கம் செய்துகொள்ள ஆரம்பித்தது. சேகரித்த தரவு அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைக்கு மிச்சமிருந்த வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம்.

நடந்ததை ஒரு கலெக்டர் அலுவலகமாக நினைத்துக்கொள்ளுங்கள். பதிவறைக்கு ஒரே சாவி. அது இப்போது கடைநிலை ஊழியர் ஒருவர் கையில், அவர் உள்ளே ஏதோ எடுத்துக்கொண்டிருக்கிறார். கலெக்டருக்கு அவசரமாக ஒரு கோப்பு வேண்டும். சாவி வரட்டும் என்று காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து நடுமட்ட அதிகாரிகள் ஒவ்வொருவராக அந்த ஊழியரைக் கூப்பிட்டு வேலை ஏவுகிறார்கள். அவர்கள் சொன்னால் அவர் போய்த்தான் ஆக வேண்டும். சாவி அவர் பையிலேயே இருக்கிறது. கலெக்டர் கதவருகே நிற்கிறார். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் ஆபீஸில் மிக உயர்ந்தவர் மிகக் கடைசியில் நிற்கிறார். இதற்கு முன்னுரிமைத் தலைகீழ் என்று பெயர். பாத்ஃபைண்டரில் வானிலைத் தரவு சேகரிக்கும் சின்னப் பணி ஒரு பூட்டை வைத்திருந்தது. தகவல் பேருந்தை நிர்வகிக்கும் முக்கியப் பணி அதற்காகக் காத்திருந்தது. நடுமட்டப் பணிகள் இடையில் புகுந்தன. முக்கியப் பணி நேரத்துக்கு முடியவில்லை என்று கண்ட இன்னொரு பணி, ஏதோ பெரிய கோளாறு என்று கணினியை மறுதொடக்கம் செய்தது.

மருந்து ஏற்கெனவே இருந்தது. சாவி கையில் இருக்கும் வரை அந்த ஊழியருக்குக் கலெக்டரின் அந்தஸ்து, நடுவில் யாரும் அவரை ஏவ முடியாது. இந்த முன்னுரிமை மரபுரிமை வழிமுறையைப் பகுப்பாய்வு செய்து 1990இல் கட்டுரை எழுதியவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் ராஜ்குமார் கோவையில் பொறியியல் படித்தவர். விஎக்ஸ்வொர்க்ஸிலும் அந்த வசதி இருந்தது. குறிப்பிட்ட அந்தப் பூட்டில் மட்டும் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதை இயக்கினார்கள். மறுதொடக்கம் நின்றது.

வீரக்கதையாக இது பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. நான் சொல்ல வந்தது அதன் முன்கதை. இந்த மறுதொடக்கம் பூமியிலேயே, சோதனையின்போதே வந்திருக்கிறது. தேடிப் பிடிக்க முயன்றபோது திரும்ப வரவில்லை. மென்பொருள் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் பின்னாளில் அதை ஒளிக்காமல் எழுதினார். நாங்கள் அதை மறக்கவில்லை, தரையிறங்கும் மென்பொருளில் கவனம் குவிந்திருந்தது, இதற்குக் குறைந்த முன்னுரிமை தந்தோம், நேரம் போதவில்லை என்கிறார். முன்னுரிமைக் கோளாறைப் பற்றிய தோல்விக்கே முன்னுரிமை கிடைக்கவில்லை.

அந்தக் குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். நம்மிடம் இல்லாத இரண்டு பழக்கங்கள் அவர்களிடம் இருந்தன. ஒன்று, ‘பார்த்தோம், புரியவில்லை’ என்பதை மனதில் வைத்திருந்தார்கள், பச்சை அடித்து மூடவில்லை. இரண்டு, என்ன நடந்தது என்று பதிவுசெய்யும் வசதியை விண்கலத்தோடு அனுப்பிய மென்பொருளிலிருந்தும் கழற்றவில்லை. அதனால்தான் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அதே நிலையை உருவாக்கி, அதே தோல்வியை வரவழைத்து, பதிவைப் படித்துக் கண்டுபிடிக்க முடிந்தது. செவ்வாயில் இருந்த கணினியைக் காப்பாற்றியது லாக் படிக்கிற பழக்கம்.

*

அப்படியென்றால் தோற்ற டெஸ்ட்டை எப்படிப் படிப்பது?

லாக்கைக் கடைசியிலிருந்து படிக்கிறோம், ஏனென்றால் சிவப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் விபத்து பெரும்பாலும் மேலே எங்கேயோ நடந்திருக்கும். கடைசி வரி ஆம்புலன்ஸ் வந்த நேரம் மட்டுமே. முதலில் எது வழக்கத்தை மீறியது என்று தேட வேண்டும். கெர்னல் லாக்கில் ஓர் எச்சரிக்கை வந்து, இருநூறு வரி தள்ளி டெஸ்ட் தோற்றிருந்தால், அந்த எச்சரிக்கைதான் வாக்குமூலம்.

அடுத்து, திரும்ப ஓட்டுங்கள். ஆமாம், நானேதான் சொல்கிறேன். ஆனால் அழிப்பதற்காக ஓட்டாமல் அளப்பதற்காக ஓட்டுங்கள். எஃப்எஸ்டெஸ்ட்ஸை ஓட்டும் கருவியிலேயே ஒரு வசதி உண்டு. ஒரு டெஸ்ட் தோற்றால் அதை இத்தனை தடவை திரும்ப ஓட்டி, எத்தனை முறை ஜெயித்தது, எத்தனை முறை தோற்றது என்று கணக்குச் சொல்லும். ‘பாஸ் ஆயிடுச்சு’ என்பதற்கும் ‘இருபதில் ஒன்று தோற்கிறது’ என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் இந்தக் கட்டுரை.

அந்த எண் கையில் இல்லாமல் அடுத்த அடி வைக்கவும் முடியாது. எந்த மாற்றத்தால் தோல்வி வந்தது என்று கண்டுபிடிக்க கிட் பைசெக்ட் என்ற முறை இருக்கிறது. பாதியாக வெட்டி வெட்டித் தேடுவது. கெர்னலின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் 13,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 வெட்டில் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் தோல்வி இருபதில் ஒருமுறைதான் வருகிறது என்றால், ஒரு தடவை ஓட்டி ஜெயித்ததை வைத்து ‘இந்தப் பாதி சுத்தம்’ என்று சொல்ல முடியாது. 95 சதவீத உறுதியோடு சொல்ல 59 தடவை ஓட்டியாக வேண்டும். பதினான்கு வெட்டுக்கும் சேர்த்து எண்ணூறுக்கு மேல் போகும். இயந்திரம்தானே ஓட்டப் போகிறது, ராத்திரி முழுக்க ஓடட்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் பைசெக்ட் செய்கிறவர், ஏதோ அப்பாவியின் கமிட்டைக் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

வராத புலியின் கால்தடத்தைக் காட்டுகிற கருவிகளும் இருக்கின்றன. 2006இல் இங்கோ மோல்னார் கெர்னலுக்குள் கொண்டுவந்த லாக்டெப், பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்று குறித்துக்கொண்டே வரும். ஒருவர் முதலில் ‘அ’, பிறகு ‘ஆ’ என்று எடுக்கிறார், இன்னொருவர் ‘ஆ’, ‘அ’ என்று எடுக்கிறார் என்றால், இன்றைக்கு இருவரும் முட்டிக்கொள்ளாவிட்டாலும் என்றாவது முட்டிக்கொள்வார்கள் என்று அப்போதே சொல்லிவிடும். அபூர்வமான தோல்வியை நிச்சயமான தோல்வியாக மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ‘ரீபுரொட்யூஸ் ஆகல’ என்று பக்கை மூடுகிறவர்கள், இதையெல்லாம் இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறார்களா?

கடைசியில் ஒரு கேள்வி, பலரும் கேட்க மறப்பது. பக்கைக் கண்டுபிடித்தாயிற்று, சரிசெய்தாயிற்று. இத்தனை நாள் ஏன் இது ஜெயித்துக்கொண்டிருந்தது? அதற்குப் பதில் தெரியாத வரை நோயறிதல் முடியவில்லை.

*

இவ்வளவும் தெரிந்தும் ஏன் பட்டனை அழுத்துகிறோம்? ஏனென்றால் பட்டனை அழுத்துவதற்குத்தான் சம்பளம் தரப்படுகிறது.

நம் ஊரில் பொறியியல் முடித்துவிட்டு டெஸ்ட்டிங் வேலைக்குப் போகிறவரிடம் சொந்தக்காரர் கேட்கும் கேள்வி தெரியும்தானே? ‘டெஸ்ட்டிங்கா? டெவலப்மென்ட் கெடைக்கலையா?’ இந்த ஏளனம் அலுவலகத்துக்கு உள்ளேயும் இருக்கிறது. எழுதுகிறவன் படைப்பாளி, படிக்கிறவன் குமாஸ்தா. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்னொருவர் எழுதிய நிரல், மூன்றாமவர் எழுதிய டெஸ்ட், யாரோ அமைத்த இயந்திரம், பத்தாயிரம் வரி லாக். இவை நான்கையும் ஒருசேர வாசித்து யார் மேல் குற்றம் என்று சொல்வது எழுதுவதைவிடக் கடினமான வேலை. அந்தக் கடினமான வேலையை அனுபவம் குறைந்தவரிடம் கொடுத்து, ‘நூத்துக்கு எத்தன பச்சை’ என்று ஒரே ஓர் எண்ணால் அவரை அளக்கிறோம். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு ரேஸைக் கண்டுபிடித்தால் அந்த எண் உயராது. பட்டனை அழுத்தினால் உடனே உயரும். மனிதர்கள் முட்டாள்கள் இல்லை, அளவுகோலுக்கு ஏற்றபடி நடந்துகொள்வார்கள்.

இதில் மோசமான விஷயம், தோல்வியைக் கொண்டுவந்தவரே குற்றவாளியாவது. ‘உன் டெஸ்ட் ஏன் எப்பவும் தோக்குது?’ என்று மீட்டிங்கில் கேட்கப்படுகிறது. அடுத்த முறை அவர் சத்தம் போடாமல் அந்த டெஸ்ட்டை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவார். அதில் சேர்ந்த பெயர்கள் எப்போது, எதற்காகச் சேர்ந்தன என்று ஒரு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது.

எல்லாத் தோல்வியையும் படிக்க நேரம் இல்லை என்பது உண்மை. நான் அதைக் கேட்கவும் இல்லை. நான் கேட்பது கணக்கு. முதல் ஓட்டத்தின் முடிவு அழியாமல் நிற்கட்டும். திரும்ப ஓட்டி ஜெயித்தால் ‘இரண்டாம் முறை ஜெயித்தது’ என்றே எழுதுங்கள், அதற்கு மஞ்சளோ வேறெதுவோ ஒரு நிறம் கொடுங்கள், பச்சை மட்டும் வேண்டாம். ஓடாததை ஜெயித்ததோடு சேர்க்காதீர்கள். ஒரு டெஸ்ட்டை விலக்கினால் காரணம், தேதி, விலக்கியவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். தோற்ற ஓட்டத்தின் லாக்கைத் தூக்கிப் போடாதீர்கள். இவை எதற்கும் புதிய ஆள் தேவையில்லை, புதிய கருவி தேவையில்லை. ‘பார்த்தோம், இன்னும் புரியவில்லை’ என்று எழுதி வைக்கிற நேர்மை மட்டும் போதும்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் நாளை காலை அப்படியொரு திரைக்கு முன்னால் உட்காரப் போகிறீர்கள். ஒரு சிவப்பு வரி வரும். பக்கத்து சீட்டிலிருந்து ‘திரும்ப ஓட்டு’ என்பார்கள். ஓட்டுங்கள், பரவாயில்லை. அதற்கு முன் அந்த லாக்கை ஓரிடத்தில் எடுத்து வையுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி மேலிருந்து படியுங்கள். புல் எங்கே மடங்கியிருக்கிறது என்று தெரியும்.